இன்னிக்கு வராதவங்க எல்லாம் கை தூக்குங்க!

கல்லூரியில் படித்த எல்லோருக்கும் தெரிந்த பழைய ஜோக் ஒன்று உண்டு. வகுப்புக்குள் நுழைகிற பேராசிரியர் பாதி பெஞ்சு காலியாகக் கிடப்பதைப் பார்த்துக் கடுப்பாகி, "இன்னிக்கு யார் யாரெல்லாம் வரலை? வராதவங்க எல்லாம் கை தூக்குங்க!" என்பார். வகுப்பே சிரிக்கும். அதற்கப்புறம் நடப்பதுதான் இன்னும் வேடிக்கை. வராதவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய திட்டு முழுவதையும், ஒழுங்காக நேரத்துக்கு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

சிரிப்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இதே காரியம் ஆஸ்பத்திரியில் நடந்தால்?

நடக்கத்தான் செய்கிறது. "மறு பரிசோதனைக்கு வரச் சொன்ன நோயாளிகள் ஏன் வருவதில்லை?" என்று ஓர் ஆராய்ச்சி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆள் சேர்க்க வேண்டும். எங்கே சேர்ப்பது? ஆஸ்பத்திரி வெளி நோயாளிகள் பிரிவில், மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள். "சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவரா நீங்கள்? எங்களிடம் பேசுங்கள்." இந்த நோட்டீஸை யார் படிப்பார்கள்? ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் படிப்பார்கள். யாருக்காக ஒட்டினார்களோ அவர்கள் அந்தச் சுவர்ப் பக்கமே வருவதில்லையே!

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கலாம். வராதவர் வராவிட்டால் போகட்டும், வந்தவர்களைக் கேட்டு எழுதிவிட்டுப் போகலாமே? அங்கேதான் சிக்கல்.

முதலில் இந்த 'மறு பரிசோதனை' என்பதே ஒரு வினோதமான சமாச்சாரம். வலிக்கும்போது டாக்டரிடம் ஓடுவது மனித இயல்பு. யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் மறு பரிசோதனை என்பது வலிக்காதபோது போவது. காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். ஆனால் சில வாரங்களிலேயே இருமல் குறைந்துவிடும், பசி எடுக்கும், உடம்பு தேறிவிடும். "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று தோன்றுவது இயற்கை. உள்ளே கிருமி இன்னும் இருக்கிறது என்பது நோயாளிக்கு எப்படித் தெரியும்? சர்க்கரை நோய்க்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை கண்ணின் விழித்திரையைக் காட்ட வேண்டும் என்பார்கள். பார்வை நன்றாகத் தெரிகிறபோதே போய்க் காட்ட வேண்டும். பார்வை மங்கிய பிறகு போனால் பல சமயம் இழந்தது திரும்புவதில்லை. ஆக, ஒரு தவணை தவறுவது சின்ன விஷயமாகத் தெரியும். அதன் விலை பிறகுதான் தெரியும்.

எனவே ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பது முக்கியம். அதைவிட முக்கியம், யாரிடம் கேட்டுக் கண்டுபிடிக்கிறோம் என்பது.

பத்திரிகை ஒன்று பல்பு வாங்கிய கதை

வணிகவியல் படிக்கிறவர்களுக்குப் புள்ளியியல் தாளில் இந்தக் கதை வந்திருக்கும். வராதவர்களுக்காக ஒரு முறை சொல்லலாம். 1936-ல் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். ரூஸ்வெல்ட்டை எதிர்த்து லாண்டன் நின்றார். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஏறக்குறைய 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அதை எண்ணிப் பார்த்துவிட்டு, "லாண்டன்தான் ஜெயிப்பார்" என்று அடித்துச் சொன்னது. நடந்தது என்ன? மொத்தம் 48 மாநிலங்களில் 46-ல் ரூஸ்வெல்ட் ஜெயித்தார். பத்திரிகை 1938-ல் மூடப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக ஒரு காரணத்தைத்தான் சொல்வார்கள். டெலிபோன் வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் என்று வசதியானவர்களின் பட்டியலிலிருந்து முகவரி எடுத்தார்கள், அதனால் தப்பாகிவிட்டது என்று. அது உண்மைதான். ஆனால் இன்னொரு பாதியும் உண்டு. சீட்டு கிடைத்தவர்களிலேயே முக்கால்வாசிப் பேர் பதில் போடவில்லை. பதில் போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை.

இதை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். தவணை தவறிய 500 பேருக்குப் போன் போடுகிறார்கள். 150 பேர் எடுத்துப் பேசுகிறார்கள். "மறந்துட்டேன் சார்", "ஊருக்குப் போயிட்டேன் மேடம்" என்கிறார்கள். அறிக்கையில் என்ன எழுதுவார்கள்? "நோயாளிகள் வராததற்கு முக்கியக் காரணம் மறதி. குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டினால் சரியாகிவிடும்." ஆனால் போனை எடுக்காத 350 பேர்? அவர்களில் எத்தனை பேருக்குப் பழைய நம்பரே இல்லை? எத்தனை வீட்டில் அந்த நம்பர் கணவருடையது? எத்தனை பேர் இப்போது உயிரோடு இல்லை? குறுஞ்செய்தி இவர்களில் யாரைப் போய் எழுப்பும்?

ம்பரராவில் தேடிப் போனவர்கள்

இதெல்லாம் வெறும் ஊகம் இல்லை. ஒரு நிஜக் கதை இருக்கிறது.

உகாண்டா நாட்டின் தென்மேற்கில் ம்பரரா என்று ஓர் ஊர். அங்கே எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான ஒரு பெரிய சிகிச்சை மையம். 2004 ஜனவரி முதல் 2007 செப்டம்பர் வரை அங்கே கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியவர்கள் 3,628 பேர். இவர்களில் 829 பேர் காலப்போக்கில் வராமல் நின்றுவிட்டார்கள். கிட்டத்தட்ட 23 சதவீதம். பதிவேட்டில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே தலைப்புதான்: 'தொடர்பில் இல்லை'.

இந்த 829 பேருக்கு என்ன ஆயிற்று? எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் அந்த மையம் பெரிய தோல்வி. எல்லோரும் எங்கேயோ நன்றாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் பெரிய வெற்றி. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்பது சம்பந்தப்பட்டவரின் மனநிலையைப் பொறுத்தது என்றால் அதற்குப் பெயர் கணக்கா?

எல்வின் கெங் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு காரியம் செய்தார்கள். 829 பேரையும் தேடுவது நடக்கிற காரியம் இல்லை. எல்லோருக்கும் ஒரு போன் போட்டுவிட்டுக் கைகழுவவும் இல்லை. மாதிரிக்கு 128 பேரை மட்டும் எடுத்தார்கள். இந்த 128 பேரை ஊர் ஊராக, வீடு வீடாக ஆளனுப்பித் தேடினார்கள். 111 பேரின் கதி என்ன என்று தெரிந்துவிட்டது.

அந்த 111 பேரில் 32 பேர் இறந்துபோயிருந்தார்கள். அதிலும், மையத்துக்குக் கடைசியாக வந்துவிட்டுப் போன கொஞ்ச காலத்திலேயே இறந்தவர்கள் அதிகம். உயிரோடு இருந்தவர்களில் நேரில் சந்தித்துப் பேச முடிந்தவர்களைக் கேட்டால், அதில் பெரும்பாலோர் வேறொரு மையத்தில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் இங்கே வருவதை நிறுத்தினீர்கள் என்றதற்கு வந்த பதில்களில் முன்னால் நின்றவை: வண்டிக்குக் காசில்லை, வேலையை விட்டு வர முடியவில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 111-ல் 32 என்றால் சுமார் 29 சதவீதம். இதே விகிதம் 829 பேருக்கும் என்றால் ஏறக்குறைய 240 பேர். இது கையால் போட்ட தோராயக் கணக்குதான். ஆய்வாளர்கள் போட்டது காலத்தையும் சேர்த்துப் பார்க்கும் நுணுக்கமான கணக்கு. அதிலும் இறப்பு விகிதம் பதிவேடு காட்டியதைவிடப் பல மடங்கு உயர்ந்தது. 'தொடர்பில் இல்லை' என்ற ஒரே வரிக்குள் இறந்தவரும் இருந்தார், வேறு இடத்தில் நலமாக மருந்து சாப்பிடுகிறவரும் இருந்தார், மருந்தையே விட்டவரும் இருந்தார். மூவரையும் ஒன்றாகக் கட்டி 'அலட்சியக்காரர்கள்' என்று எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய அநியாயம்!

ஆடிட்டர்கள் செய்கிற வேலைதான்

வணிகவியல் மாணவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. பற்பல கடனாளிகள் கணக்கைத் தணிக்கை செய்கிற ஆடிட்டர் என்ன செய்கிறார்? கம்பெனி கொடுத்த பட்டியலை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடுவதில்லை. சில கடனாளிகளைத் தேர்ந்தெடுத்து, "நீங்கள் இவ்வளவு தர வேண்டியிருக்கிறது, சரிதானா?" என்று நேரடியாகக் கடிதம் எழுதிக் கேட்கிறார். பதில் வராவிட்டால்? "சரி விடு" என்று விட முடியாது. தணிக்கைத் தரநிலை 505-ன்படி, பதில் வராத ஒவ்வொன்றுக்கும் மாற்று வழியில் சரிபார்க்க வேண்டும். பின்னால் பணம் வந்திருக்கிறதா, சரக்கு அனுப்பிய ரசீது இருக்கிறதா என்று தோண்ட வேண்டும்.

அதே தரநிலையில் 'நெகட்டிவ் கன்ஃபர்மேஷன்' என்ற முறையும் உண்டு. "கணக்கில் தப்பு இருந்தால் மட்டும் பதில் போடுங்கள்" என்பது. பதில் இல்லையென்றால் சம்மதம் என்று அர்த்தம். இது பலவீனமான சான்று என்று பாடப்புத்தகமே சொல்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாதே! ஆஸ்பத்திரிகள் பல இடங்களில் இந்தப் பலவீனமான முறையில்தான் ஓடுகின்றன. நோயாளி வரவில்லையா? குணமாகியிருப்பார். இல்லாவிட்டால் வேறு டாக்டரிடம் போயிருப்பார். கடனாளி பேசாமல் இருந்தால் சந்தேகப்படுகிறவர்கள், நோயாளி பேசாமல் இருந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

ம்பரராவில் செய்ததற்கு முன்னோடியும் உண்டு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் வேலை பார்த்த ஹான்சன், ஹர்விட்ஸ் என்ற இருவர் 1946-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். விஷயம் எளிமையானது. முதலில் எல்லோருக்கும் தபாலில் கேள்வி அனுப்பு, அது மலிவு. பதில் போடாதவர்களில் ஒரு சிறு பகுதியைக் குலுக்கலில் எடுத்து நேரில் போய்ப் பார், அது செலவு. ஆனால் அந்தச் சிலரை எப்படியாவது பார்த்துவிடு. பிறகு இரண்டையும் உரிய எடை கொடுத்துச் சேர். ஆயிரம் பேரை அரைகுறையாகத் துரத்துவதைவிட நூறு பேரை முழுசாகத் தேடுவது மேல் என்பதுதான் சாரம். பட்ஜெட் போடத் தெரிந்த யாருக்கும் இது புரியும்.

சேத்துப்பட்டிலிருந்து வீடு வரை

தேடிப் போவது என்றதும் சென்னையை விட்டுவிட்டுப் பேச முடியாது.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஆரம்ப ஆண்டுகளில் அதை வழிநடத்தினார். அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. தாம்பரம் சானடோரியம் என்று மின்சார ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறதே, அது அந்தக் காலத்து மிச்சம். ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கை ஏது?

ஆகவே அவர்கள் கேட்ட கேள்வி: ஏழை நோயாளி தன் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் குணமாகுமா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. இன்னொரு பாதி நெருக்கடியான வீடுகளுக்கு, இல்லாத சாப்பாட்டுக்கு. இரண்டு பக்கமும் ஐசோநயாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே மருந்துகள், 12 மாதம். 1959-ல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தது வீட்டில் 86 சதவீதம் பேருக்கு, சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு. அவ்வளவு வசதிக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தில் மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை என்று பிறகு தெரிந்தது. உலகம் முழுக்க காசநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றிய ஆய்வு இது. அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே சேத்துப்பட்டில் இருக்கிறது.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் மருந்தைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. வீட்டுப் பிரிவு நோயாளி மருந்து சாப்பிடுகிறாரா என்று தெரிந்துகொள்ள ஆட்கள் வீடு தேடிப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். பிறகும் விடவில்லை, நோயாளிகளை 5 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அப்படித் தேடிப் போயிருக்காவிட்டால் அந்த 86-க்கு மதிப்பே இல்லை. வந்தவர்களை மட்டும் வைத்துச் சொன்ன எண் என்று யாரும் தள்ளிவிட்டிருப்பார்கள்.

கதவைத் தட்டுவது எப்படி?

சரி, தேடிப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. எப்படிப் போவது? இங்கேதான் நிறையப் பேர் சொதப்புவது.

கோயில் வாசலில் பூ கட்டி விற்கிற ஓர் அம்மா என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய். மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் என்ன நடக்கும்? காலை ஏழு மணிக்குச் சீட்டு வாங்கும் வரிசை. வெறும் வயிற்றில் ரத்தம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். முடிவு வந்த பிறகு டாக்டர். டாக்டர் பார்ப்பது இரண்டு நிமிடம். அப்புறம் மருந்து வரிசை. வெளியே வரும்போது மதியம். அன்றைய காலை வியாபாரம் போச்சு. வைத்தியம் இலவசம்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு அது ஒரு நாள் வருமானம், பஸ் காசு, போதாததற்கு வாடிப்போன பூ. நம் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று படிப்போமே, அது இந்த அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கிறது.

ஒரு மாதம் போகவில்லை. அடுத்த மாதம் போனபோது, "போன மாசம் ஏன் வரலை? உங்களுக்கெல்லாம் உயிர் மேல அக்கறையே கிடையாதா?" என்று எல்லோர் எதிரிலும் திட்டு. மூன்றாம் மாதம் போக வெட்கம். நான்காம் மாதம் போகப் பயம். மூன்று நாள் கட் அடித்தவன் துறைத் தலைவரிடம் லெட்டர் வாங்கப் பயந்து நான்காம் நாளும் கட் அடிப்பானே, அதே கதை. ஒரு தவணை தவறியது காசால். அடுத்தது தவறியது திட்டால்.

இந்த அம்மாவிடம் ஒரு பையன் படிவத்தை நீட்டி, "ஏம்மா ஆஸ்பத்திரிக்கு வரலை?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "மறந்துட்டேன் தம்பி." அவ்வளவுதான். அது பதில் இல்லை, தப்பிக்கும் வழி. அதையே, "கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, அன்னிக்கு காலையிலேர்ந்து என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால், மொத்தக் கதையும் வரும்.

இன்னும் சில விஷயங்கள் சின்னதாகத் தெரிந்தாலும் சின்னது இல்லை. தெருவில் ஜீப்பில் போய் இறங்கி, "இங்கே டி.பி. வந்தவங்க வீடு எது?" என்று கேட்டால் அந்தக் குடும்பத்தின் மானம் போய்விடும். பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவார்கள், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். அதனால் சாதாரண உடையில், நடந்து, நோயின் பெயரை வாயில் எடுக்காமல் போக வேண்டும். பகல் 11 மணிக்குப் போனால் கூலி வேலைக்காரர் வீட்டில் பூட்டுதான் இருக்கும், எனவே சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ போக வேண்டும். 'பிள்ளையார் கோயில் பின்னால்' என்பதே முகவரியாக இருக்கும், எனவே அந்தப் பகுதியை அறிந்த ஆள் போக வேண்டும். பேசுகிற நேரத்துக்கு ஈடாகக் கூலியும் போக்குவரத்துச் செலவும் கொடுக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் ஆண்டு நெறிமுறைகளும் இதை அனுமதிக்கின்றன. 'வேண்டாம்' என்றால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

இதில் பாதி வேலையை முதல் நாளே முடித்துவிடலாம். நோயாளி முதன்முதலில் வரும்போதே, "நீங்க வரமுடியாம போனா உங்களைத் தேடி வரலாமா? யார்கிட்ட விசாரிக்கலாம்? யார்னு சொல்லிக்கிட்டு வரணும்?" என்று கேட்டு எழுதிவைத்துக்கொண்டால் போதும். பிறகு தேடிப் போவது துரத்துவது ஆகாது. அழைப்பின் பேரில் போவது ஆகும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தேடிப் போகத் தெரிந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள் இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி ஆய்வு என்று ஒன்று நடந்தது. 1932-ல் தொடங்கியது. 600 கறுப்பினத்து ஆண்கள், அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் நோய். ஆள் சேர்ப்பில் அவர்களை மிஞ்ச முடியாது. நோயாளிகளைக் காரில் அழைத்துவந்தார்கள், சூடான சாப்பாடு போட்டார்கள், ஈமச் செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள், ஒரு நர்ஸ் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தில் ஒருவர் போலப் பழகினார். எல்லாம் எதற்கு? நோய் வளர்வதை வேடிக்கை பார்க்க. பென்சிலின் வந்து அது குணமாக்கும் என்று தெரிந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972-ல் செய்தி வெளியான பிறகுதான் நிறுத்தினார்கள். தேடிப் போய்க் கண்டுபிடித்தவரிடம் நோய் முற்றியிருப்பது தெரிந்தால், படிவத்தை நிரப்பிக்கொண்டு எழுந்துவரக் கூடாது. சிகிச்சைக்கு வழி செய்துவிட்டுத்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தேடலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

யார் எட்டாதவர்?

காசநோய்த் துறையில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு நீண்ட காலம் 'டிஃபால்ட்டர்' என்றுதான் பெயர். பாங்கில் கடன் வாங்கிக் கட்டாதவனுக்கு என்ன பெயரோ, அதே பெயர்! 2013-ல் உலக சுகாதார நிறுவனம் தன் வரையறைகளைத் திருத்தி அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. 'தொடர்பு அறுந்தவர்' என்ற பொருளில் வேறு சொல்லை வைத்தது. சொல் மாறினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். ஆகும். டிஃபால்ட்டர் என்றால் தப்பு ஒருவர் மேல்தான். தொடர்பு என்றால் அதற்கு இரண்டு முனை உண்டு. எந்த முனையில் அறுந்தது என்று பார்த்தாக வேண்டும்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'எளிதில் எட்டாத மக்கள்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பூக்கார அம்மா தினமும் விடியற்காலையிலிருந்து அதே கோயில் வாசலில், அதே பலகை மேல் உட்கார்ந்திருக்கிறார். பூ வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் எட்டுகிறார். ஆராய்ச்சியாளருக்கு மட்டும் எட்டவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை போகிற தூரம் ஒரு கேள்வித்தாள் போக முடியாதா?

வராதவர்களைப் பற்றி வந்தவர்களிடம் கேட்டு எழுதினால், திட்டம் போடுகிறவர்கள் வந்தவர்களுக்கே இன்னும் வசதி செய்துகொடுப்பார்கள். நினைவூட்டல் செய்தி, புது நாற்காலி, டோக்கன் மெஷின்... வராதவர் வராமலே இருப்பார். கடைசியில் அவர் கணக்கு, சேர்த்த வருடத்தோடு 'தொடர்பில் இல்லை' என்று முடிந்துவிடும். வாராக்கடனையாவது வருடக் கடைசியில் இலாப நட்டக் கணக்கில் காட்டியாக வேண்டும். வராத நோயாளியை எந்தக் கணக்கில் காட்டுகிறார்கள்?

அடுத்த முறை வகுப்பில் அந்த ஜோக்கைக் கேட்டுச் சிரிக்கும்போது, பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தையும் ஒரு தடவை பாருங்கள். மூன்று நாளாக வராத அந்த நண்பனுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்காவது தெரியுமா? சாயங்காலம் அவன் வீட்டுப் பக்கம் போக முடிந்தால் போய்ப் பாருங்கள். போனதும் "ஏன்டா வரலை?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.